பிள்ளைக்காரி பின்னால் வருகிறாள்

விறாந்தைத் தரையில் எண்கள் இருந்தன. சுவரோரமாக ஒரே கோட்டில், கறுப்பு வர்ணத்தில், ஒன்று முதல் அறுபது வரை. பின்னேர வெயிலில் சீமெந்து காய்ந்து வெளிறிக் கிடந்தது. எண்களின் மேல் மட்டும் ஈரம். ஒவ்வொன்றிலும் இரண்டு பாதம் நிற்கும் அளவுக்கு.

அந்தோனி பயணிகளின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அதைக் கடந்தான். சில்லுகள் ஈரத்தில் ஏறி இறங்கிக் கோடு போட்டன. யாரோ அரைகுறையாகக் கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தான். பன்னிரண்டு நாளாகப் பயணிகளை ஏற்றி வான் ஓட்டியவனுக்கு அதற்கு மேல் நினைக்கத் தெம்பில்லை.

பேசாலையைத் தாண்டி, தலைமன்னார் வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் மணல் பாதையின் முடிவில் அந்த ஹோட்டல் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடம். முருகைக்கல் சுவர்கள் இரண்டு முழத் தடிப்பு. கட்டியவர்கள் போன பிறகு ஆஸ்பத்திரியாக இருந்தது. பிறகு ஆமிக் காம்ப். பிறகு வௌவால்கள். மூன்று வருடத்துக்கு முன் கொழும்பில் யாரோ வாங்கி, கூரையை மாற்றி, நீச்சல் தடாகம் வெட்டி, பழையது பழையதாகவே தெரியும்படி விட்டிருந்தார்கள். எண்களும் அப்படி விடப்பட்டவைதான். பயணிகள் இருவரும் குனிந்து அவற்றைப் படம் எடுத்தார்கள். ஜெர்மனியிலிருந்து பறவை பார்க்க வந்த வயதான தம்பதி. சத்தமில்லாத மனிதர்கள்.

சாரதிகள் தங்கும் கொட்டிலின் கூரையைக் கழற்றியிருந்தார்கள். மனேஜர் கொலின்ஸ் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். பிறகு விறாந்தையின் கடைசி அறைத் திறப்பை அந்தோனியின் கையில் வைத்துச் சிரித்தான்.

“இண்டைக்கு நீங்களும் கெஸ்ட்தான் அண்ணை. காலையில முட்டை எப்பிடி வேணுமெண்டு உங்களிட்டையும் கேப்பம்.”

அந்தோனி முப்பது வருடம் பயணிகளை ஹோட்டல்களுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். எந்த ஹோட்டலிலும் முன் கட்டிடத்தில் படுத்ததில்லை. அறையில் வெள்ளை விரிப்பு, வெள்ளை வலை, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். கட்டிலில் உட்கார்ந்தான். அது அவனை உள்ளே வாங்கியது. எழுந்து, தலையணையை மட்டும் எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டான். தரை குளிர்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு மணம் வந்தது. மருந்து மணம். பழைய ஆஸ்பத்திரி வாட்டுகளைக் கழுவும் மருந்து. இத்தனை வருடமாகச் சுவருக்குள் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அறைக்குள் ஃபோனுக்குச் சிக்னல் எடுக்கவில்லை. விறாந்தையின் கடைசிக்குப் போனால் எடுத்தது. அங்கே நின்று மனைவி அருளம்மாவோடு பேசினான். அவள் மன்னார் ஆஸ்பத்திரியில் மகளோடு இருந்தாள். தனுசியாவுக்கு நாளைக் காலை எட்டு மணிக்கு வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுக்கிறார்கள். மருமகன் கட்டாரில். இரவில் ஆம்பிளைகளை அந்த வாட்டுக்குள் விடுவதில்லை. பயணிகளுக்கு விடியற்காலையில் களப்பில் பூநாரை காட்டிவிட்டால், ஏழு மணிக்கு அவர்கள் அவனை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம்.

நிற்கத்தான் வேண்டும். தனுசியாவின் முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், அது பிறந்து இறந்த அன்று அவன் தெற்கே காலியில் இருந்தான், வேறு பயணிகளோடு. ஊருக்கு, நறுவிலிக்குளத்துக்கு, வந்து சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது. தனுசியா அவனைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஃபோனை மகள் வாங்கினாள்.

“அப்பா, வந்துருவீங்கல்ல?”

“எட்டு மணிக்கு முன்னுக்கே அங்கதான் புள்ள நிப்பேன். நீ எங்கேன்னு தேட வேணாம்.”

அவள் சிரித்தது கேட்டது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

சூரியன் கடலில் இறங்கும் நேரம். வாடைக் காற்று பனைகளை உரசியது. தூரத்துக் காற்றாலைகள் ஒரே சுருதியில் மூச்சு விட்டன. ஒரு கழுதை கனைத்து ஓய்ந்தது. அந்தச் சத்தங்களுக்கு அடியில், முதலில் தன் நாடித்துடிப்பு என்றே அவன் நினைத்த ஒன்று, மெதுவாக, ஒரே இடைவெளியில், தோலில் குச்சி விழுவதுபோல் தொடர்ந்துகொண்டிருந்தது.

தப்பு.

அவன் நிமிர்ந்தான். நாற்பது வருடமாகக் கேட்காத தோட்டத்துப் பறைச் சத்தம். இந்தக் கரையில் யாரும் தப்பு அடிப்பதில்லை. செத்தவீடென்றால் மாதா கோயில் மணி அடிப்பார்கள்.

கேற்றடியில் காவலுக்கு இருந்தவர் சிங்கராசா. பேசாலைக்காரர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முழங்கால் வராமல் போனதும் இந்தக் கதிரைக்கு வந்தவர். படுத்தும் சத்தம் ஓயாமல் இரவில் அந்தோனி எழுந்து போனதும் இரண்டாவது கதிரையைக் காலால் தள்ளிவிட்டார்.

“இருங்கோ தம்பி. உள்ளுக்கு வெள்ளைக் கட்டில். அதை விட்டிட்டு இஞ்ச வாறியள்.”

“நித்திரை வருகுதில்லை அண்ணை.”

“எப்பிடி வரும். வெள்ளைக்காரன் கட்டினதை வெள்ளைக்காரன் வந்து பாக்கிறான். நீங்கள் கூட்டிக்கொண்டு வாறியள், நான் கேற் திறக்கிறன். இதில நித்திரை வருமோ?”

மன்னாருக்கு வந்த நாற்பது வருடத்தில் அந்தோனியின் வாய் இரண்டு பேச்சைப் பழகியிருந்தது. வெளியில் இந்த ஊர்ப் பேச்சு. வீட்டுக்குள் மலைநாட்டுப் பேச்சு. அவனுக்குப் பன்னிரண்டு வயதில், கலவரத்தில் மலைத் தோட்டத்து லயம் எரிந்தபோது, அம்மாவும் பிள்ளைகளும் லொறியில் ஏறி இந்தப் பக்கம் வந்தார்கள்.

யாராவது பறை அடிக்கிறார்களா என்று கேட்டான். சிங்கராசா காதைச் சாய்த்தார். ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

பிறகு, கேளாமலே, அந்த இடத்தைப் பற்றிச் சொன்னார். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில் இறக்கி வைத்த இடமாம். கொரோனா நேரம் எல்லோரையும் அடைத்து வைத்ததுபோல். வந்தவர்களை நிறுத்தி, மொட்டை அடித்து, மருந்துத் தண்ணீர் ஊற்றி, எண்ணில் நிறுத்துவார்களாம். ஒருவருக்கு வயிற்றால் போனாலும் மொத்தக் கூட்டத்துக்கும் அடைப்பு நாள் முதலிலிருந்து தொடங்கும். சிலது மலைக்குப் போய்ச் சேரவே இல்லை. அவருடைய அப்பா காலத்திலும் பேசாலை ஆட்கள் இந்தக் கரையில் வலை காயப்போட மாட்டார்கள்.

“நீங்கள் ஒண்டும் காணேல்லையோ?” என்றான் அந்தோனி.

“காணேல்லை. கேட்டிருக்கிறன்.” சிங்கராசா குரலை இறக்கவில்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார். “விடியப்புறம், அஞ்சு மணி போலை. மன்றாட்டுமாலை சொல்லுற மாதிரி. ஒராள் முன்னுக்குச் சொல்ல, கனபேர் ஒவ்வொண்டாப் பதில் சொல்லுவினம். என்ன சொல்லினமெண்டு விளங்காது. நான் கண்ணை மூடிக்கொண்டு ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ எண்டு சொல்லிக்கொண்டிருப்பன். முடிஞ்சுபோம். பாவம், செபந்தானே.”

அந்தோனி அதை மனதில் திரும்பச் சொல்லிப் பார்த்தான். முன்னுக்கு ஒரு குரல். பின்னால் ஒவ்வொன்றாகப் பதில். விடியப்புறம். அது செபமில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அலுப்பாக இருந்தது. எழுந்து அறைக்குப் போனான்.

தரையில் படுத்தபடி முகட்டைப் பார்த்தான்.

பெரட்டு. தோட்டத்தில் இருள் பிரியுமுன் தப்பு அடிக்கும். எல்லோரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை லாந்தரைப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். பதில் சொன்னவருக்கு அன்று வேலை உண்டு. பதில் வராவிட்டால் பேர் வெட்டு, கூலியில்லை. பிள்ளைக்காரிகள் பிள்ளையை லயத்துக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிந்தி வருவார்கள். அவர்களுக்காக வீட்டில் ஒருவர் வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டும். அவனுடைய அம்மா செல்லாயிக்குக் கைப்பிள்ளை இருந்தது. அப்பா இல்லை. ஒன்பது வயது அந்தோனிதான் குளிரில் நின்று பதில் சொல்வான்.

ஒரு நாள் சொல்லவில்லை. நின்றபடி தூங்கிப்போனான். செல்லாயி கூடையோடு ஓடி வந்தபோது பேர் வெட்டியாகிவிட்டது. அன்றிரவு அவள் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தாள். அவனை அடிக்கவில்லை. “நீ சொல்லியிருக்கலாம்ல” என்று மட்டும் கேட்டாள். மடியில் கிடந்த பிள்ளை பாலில்லாமல் விடியும்வரை அழுதது.

அதன் பிறகு ஒரு நாளும் அவன் தவறவிட்டதில்லை.

மருந்து மணம் தரையிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது. அவன் புரண்டு படுத்தான். சுவருக்கு அப்பால் விறாந்தையில் யாரோ நடந்தார்கள். வெறுங்கால். ஈரமான கால். வந்து, ஓரிடத்தில் நின்றது. பிறகு இன்னொன்று. நின்றது. வேலை செய்யும் பெண்களாக இருக்கும். இன்னொன்று. எழுந்து கதவைத் திறந்து பார்க்கலாம். உடம்பு எழவில்லை. கண்ணிமை கல்லாகக் கனத்தது. இன்னொன்று. நின்றது. எண்ணத் தொடங்கினான். பதினேழோ பதினெட்டோ வரை எண்ணியது நினைவிருந்தது.

தப்பு அடித்தது.

கிட்ட அடித்தது. உடம்பு எழுந்துவிட்டது. மூளை எழவில்லை. குளிர், மலைக் குளிர், மன்னாரில் எந்த மாதத்திலும் இல்லாத குளிர், பனியில் நனைந்த கம்பளியின் நாற்றம், சுருட்டுப் புகை, மண்ணெண்ணெய், யாரோ அடக்கி இருமுவது, தொண்டையைச் செருமிக் காறுவது, சின்னப் பிள்ளை ஒன்று முனகி அடங்குவது, எல்லாம் அவன் அறிந்தவை, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன, ஆகவே அவன் பயப்படவில்லை. பிந்திவிட்டோம் என்று மட்டும் தோன்றியது. கதவைத் திறந்தான். போய் நின்றான்.

இரண்டு பக்கமும் ஆட்கள். தலையோடு கம்பளி போர்த்தியிருந்தார்கள். எல்லோரும் நேரே பார்த்து நின்றார்கள். விறாந்தையின் அந்தக் கடைசியில் ஒரு லாந்தர். அதன் பின்னால் ஒரு குரல்.

பேர் சொன்னது. யாரோ பதில் சொன்னார்கள்.

பேர் சொன்னது. பதில்.

பழைய பேர்கள். குரல் அவசரப்படவில்லை. அதிலும் அலுப்பு இருந்தது. நெடுங்காலமாக இதையே வாசித்துவரும் அலுப்பு. அவனுக்குப் பக்கத்தில் நின்றவர் பதில் சொன்னார். வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“அந்தோனி.”

“இருக்கேங்க ஐயா.”

அவனுடைய குரல் சின்னதாக இருந்தது. ஒன்பது வயதுக் குரல்.

“செல்லாயி.”

யாரும் பதில் சொல்லவில்லை.

லாந்தர் அசைந்தது. பென்சில் காகிதத்தைத் தொடும் சத்தம். வெட்டப் போகிறார்கள். வெறும் தேத்தண்ணி. பாலில்லாத அழுகை. நீ சொல்லியிருக்கலாம்ல.

“புள்ளக்காரிங்க ஐயா. பின்னால வருது.”

பென்சில் நின்றது.

“செல்லாயி செத்துப்போச்சு,” என்றது குரல். கோபமில்லாமல். “இப்ப ஒன் வீட்டுல புள்ளக்காரி யாரு?”

கேட்டால் சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும். பிந்தினால் வெட்டு.

“தனுசியாங்க ஐயா.”

“எங்க?”

“இந்தா, பின்னால வருதுங்க. வெட்டிறாதீங்க.”

“எத்தனை பேரு?”

“ரெண்டுங்க.”

பென்சில் எழுதியது. நீளமாக எழுதியது.

அவன் விழித்துக்கொண்டான்.

விறாந்தையில் தனியாக நின்றான். வெறுங்காலோடு. லாந்தர் இல்லை. ஆட்கள் இல்லை. கிழக்கே பனைகளுக்கு மேல் சாம்பல் கோடு ஒன்று விழுந்திருந்தது. காதுக்குள், தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் எண்ணி அவன் சொன்ன சொல் இன்னும் சுடச்சுட இருந்தது.

ரெண்டுங்க.

கனவு என்று சொல்லிப் பார்த்தான். சத்தமாகச் சொன்னான். வாய்க்குள் மருந்துத் தண்ணீரின் கசப்பு.

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. ஐந்து இருபது. அருளம்மா.

அவள் முதலில் அழவில்லை. மூச்சு வாங்கியது. தனுசியாவைக் காணவில்லை என்றாள். கண் அசந்தது கொஞ்ச நேரந்தான். கட்டில் நனைந்திருக்கிறது. வாட்டில், கக்கூசில், வெளி விறாந்தையில், எல்லா இடமும் நர்ஸ்மார் தேடுகிறார்கள். கேற்றில் இருந்தவன் யாரும் வெளியே போகவில்லை என்கிறான்.

“பக்கத்துக் கட்டில்ல இருந்த புள்ளகிட்ட சொல்லிட்டுப் போனாளாங்க.”

“என்னன்னு?”

“அப்பா கூப்புடுறாருன்னு.”

 சுவரைப் பிடித்தான். சுவர் ஈரமாக இருந்தது. வானில் ஏற வேண்டும். திறப்பு அறையில் இருந்தது. அறைக்குள் போக முடியவில்லை. அருளம்மா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.  ஃபோனை அணைத்தான். பதில் சொல்லப் பயமாக இருந்தது.

கேற்றைப் பார்த்தான். திறந்திருந்தது. சிங்கராசா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. உதடுகள் அசைந்தன.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

நிறுத்தினார். எதையோ கேட்டார்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

அப்படியென்றால் முடியவில்லை. இன்னும் வாசிக்கிறார்கள்.

மணல் பாதையில் யாரோ வந்தார்கள். மெதுவாக. களைத்துப்போய். நீல ஆஸ்பத்திரிச் சட்டை. முழங்காலுக்குக் கீழே கறுப்பாக நனைந்திருந்தது. கையில் துணிச் சுருள். ஆஸ்பத்திரி இருபது கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. அவள் நடையில் அவசரமில்லை. சிங்கராசாவின் கதிரையை உரசிக்கொண்டு போனாள். அவர் கண் திறக்கவில்லை.

“புள்ள,” என்றான். 

தனுசியா விறாந்தையில் ஏறினாள். அவனருகில் வந்தாள். வயிறு தட்டையாக இருந்தது. முடி வழித்திருந்தது. அவனைப் பார்த்தாள். அது அவள்தான். நேற்று ஃபோனில் சிரித்தவள்தான்.

“நேரமாயிருச்சாப்பா?”

அவன் அவள் கையைப் பிடித்தான். இழுத்தான். வா, வானில் ஏறு, போவோம். கை வந்தது. அவள் வரவில்லை. குளிர்ந்த, சோப்பு நுரையில் ஊறியது போன்ற கை. அது அவன் பிடியிலிருந்து வழுக்கிப் போயிற்று. அவள் போய் அவனுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் நின்றாள். நேரே பார்த்தாள்.

நின்றதும் மற்றவர்கள் தெரிந்தார்கள். விறாந்தை முழுக்க. விடியல் வெளிச்சத்திலும் தெரிந்தார்கள். அந்தக் கடைசியில் லாந்தர் அணையாமல் எரிந்தது.

துணிச் சுருள் அசைந்தது. அழவில்லை. அவள் ஓரத்தை விலக்கினாள். கண் திறந்திருந்தது. அதுவும் நேரே பார்த்தது.

“பேரு கேக்குறாங்கப்பா,” என்றாள் தனுசியா.

பிள்ளைக்குப் பேர் இருந்தது. மூன்று மாதமாக, மனைவிக்கும் சொல்லாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேர்.

பென்சில் காகிதத்தில் காத்திருந்தது. வரிசையில் நின்ற அத்தனை கம்பளிகளும் மெதுவாக அவன் பக்கம் திரும்பின. முகங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொல்லக்கூடாது.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். பற்கள் உதட்டில் பதியும்வரை அழுத்தினான்.

கைகளுக்குள் உதடு அசைந்தது.